மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா? கல்லீரலைக் காக்கும் மூலிகைகள்... எது உண்மை, எது நம்பிக்கை?

"கண்ணு மஞ்சளா இருக்கே..." என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அடுத்த அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் ஒரு கைப்பிடி கீழாநெல்லி வந்துவிடும். வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று பத்தியமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு, மூன்று வாரங்களில் கண் வெளுக்கும். "பார்த்தியா, பச்சிலை கேட்டுடுச்சு" என்று வீடே நிம்மதியாகும்.

பல வீடுகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால், அதே செடியை அதே பக்குவத்தில் அரைத்துக் கொடுத்தும், சில வீடுகளில் மூன்றாவது வாரம் நோயாளி நினைவு தப்பி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்திருக்கிறது. செடி ஒன்றுதான். உள்ளே இருந்த நோய்தான் வேறு.

கல்லீரலைக் காக்கும் மூலிகைகள் என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, கடுகுரோகிணி, மஞ்சள், சீந்தில் கொடி... இவற்றில் எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது? எங்கே நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அது ஓர் அடையாளம். ரத்தத்தில் இருக்கும் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள்கள். ஆயுள் முடிந்து அவை சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உருவாகிறது. அதைப் பக்குவப்படுத்தி, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. இந்த வேலையில் எங்கே தடங்கல் வந்தாலும் பிலிருபின் ரத்தத்தில் தேங்கி, கண்ணிலும் தோலிலும் மஞ்சளாகத் தெரியும்.

தடங்கல் மூன்று இடங்களில் வரலாம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைந்தால் வரும். வைரஸ், மது, மருந்து, விஷம் ஆகியவற்றால் கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் வரும். பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டாலும் வரும். குழாயில் சிக்கிய கல்லை எந்தப் பச்சிலையும் நகர்த்தாது. எண்டோஸ்கோப்பி மூலமோ அறுவை சிகிச்சை மூலமோதான் எடுக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நம் ஊரில் பரவலாக வரும் மஞ்சள் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம், அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகத் தொற்றும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ வைரஸ்கள். ஆரோக்கியமான உடம்பு இந்த இரண்டையும் பெரும்பாலும் தானே வென்றுவிடும். சில வாரங்களில் மஞ்சள் தானாக இறங்கும். அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்திருந்தால் பெயர் கீழாநெல்லிக்கு. மந்திரித்திருந்தால் பெயர் மந்திரத்துக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

'தானாகவே சரியாகிவிடும்' என்று எல்லோரும் காத்திருக்கவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், ஹெபடைடிஸ் இ வந்தால் 100-இல் 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கும் அபாயம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் செடி தேடும் நேரம்கூட வீண்தான். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சென்னையிலிருந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த செடி

அப்படியானால் கீழாநெல்லி வெறும் நம்பிக்கைதானா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இந்தச் சின்னச் செடிக்கு அறிவியல் உலகில் ஒரு பெரிய வரலாறே உண்டு.

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர், அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பெர்க். பிலடெல்பியாவில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்தினர், மஞ்சள் காமாலைக்குப் பல நாடுகளில் பயன்படும் செடிகளைத் தேடியபோது கீழாநெல்லி இனத்தின் மீது கண் விழுந்தது. ஹெபடைடிஸ் பி-யைப் போன்ற ஒரு வைரஸ், 'வுட்சக்' என்ற அமெரிக்கக் கொறி விலங்குக்கும் வரும். அந்த விலங்குகளுக்குக் கீழாநெல்லிச் சாற்றைச் செலுத்தியபோது வைரஸின் அளவு குறைந்ததாக 1987-இல் அந்தக் குழு அறிவித்தது.

அடுத்த கட்டம் சென்னையில் நடந்தது. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான எஸ்.பி.தியாகராஜனின் குழு, புளூம்பெர்க்கோடு இணைந்து, ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்டகாலமாக உடம்பில் சுமப்பவர்களிடம் கீழாநெல்லியைச் சோதித்தது. காய வைத்துப் பொடித்த செடி 200 மில்லிகிராம், தினமும் மூன்று வேளை, 30 நாள்கள். இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்றுப்பொடி. முடிவு 1988-இல் உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் வெளியானது. கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுப்பொடி எடுத்துக்கொண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்திருந்தது.

வேலியோரத்துச் செடி உலகச் செய்தியானது. ஆனால், அறிவியலில் ஒரு முறை ஜெயித்தால் போதாது. வேறு ஊரில், வேறு மருத்துவர்கள் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். 1990-இல் தாய்லாந்தில் செய்த ஆய்வில் அந்தப் பலன் வரவில்லை. அடுத்து நியூசிலாந்திலும் வரவில்லை. 2011-இல், அதுவரை நடந்திருந்த 16 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் அமைப்பு, 'வெற்றுமருந்தைவிட இது மேலானது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை' என்ற முடிவுக்கு வந்தது. வைரஸை அடக்கும் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது ஓரளவு பலன் தெரிந்தாலும், அந்த ஆய்வுகளின் தரம் போதுமானதாக இல்லை என்றும் குறிப்பிட்டது.

ஏன் இந்த முரண்பாடு? ஒரு காரணம், செடியே மாறிப்போவது. இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய் தொங்குகிற எல்லாச் செடியும் ஒரே கீழாநெல்லி அல்ல. அசப்பில் ஒன்றுபோலவே இருக்கும் பல இனங்கள் உண்டு. தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை மரபணுச் சோதனை செய்தபோது, வேறு இனங்களும் அதில் இருந்தது தெரியவந்தது. மண், பறித்த பருவம், காய வைத்த விதம் ஆகியவற்றைப் பொறுத்தும் செடியின் சத்து மாறும். கடையில் வாங்கும் பொட்டலம், சென்னை ஆய்வில் கொடுத்த அதே பொடி என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா?

'கல்லீரலைக் காப்பது ஆய்வில் நிரூபணம்' என்று மூலிகை விளம்பரங்களில் பார்க்கிறோமே, அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளிடம் நடந்தவை. முறை இதுதான்: எலிக்குச் சில நாள்கள் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தையோ, அதிக அளவு பாராசிட்டமாலையோ கொடுத்துக் கல்லீரலைக் கெடுப்பார்கள். கல்லீரல் செல்கள் உடையும்போது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம்கள் ரத்தத்தில் கசியும். மூலிகை குடித்த எலியிடம் அந்தக் கசிவு குறைவாக இருந்தால், 'செடி காத்தது' என்று அர்த்தம்.

இந்தப் பரீட்சையில் ஏராளமான செடிகள் பாஸாகின்றன. கரிசலாங்கண்ணியில் இருக்கும் வெடிலோலாக்டோன், நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு, இமயமலையில் விளையும் கடுகுரோகிணியின் பிக்ரோசைடுகள் எல்லாமே எலிக் கல்லீரலைக் காத்திருக்கின்றன. செல்களைச் சிதைக்கும் நச்சு அணுக்கூறுகளை இவை தணிக்கின்றன, அழற்சியைக் குறைக்கின்றன. அந்த ரசாயனம் பொய்யில்லை.

ஆனால், மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எலிக்கு மூலிகை பெரும்பாலும் விஷத்துக்கு முன்பே போகிறது. மனிதர்கள் கல்லீரல் கெட்ட பிறகுதான் மூலிகையைத் தேடுகிறார்கள். இரண்டாவது, எலியின் எடைக்குக் கொடுத்த அளவை மனித எடைக்குக் கணக்கிட்டால், பல நேரம் சாப்பிடவே முடியாத அளவு வரும். மூன்றாவது, எலிக்கு வந்தது ஒரே நாளில் வந்த பாதிப்பு. மனிதருக்கோ பத்து, இருபது வருடங்களாக மதுவாலும் கொழுப்பாலும் வைரஸாலும் மெள்ள மெள்ள வரும் பாதிப்பு. எலியின் வெற்றி ஒரு தொடக்கம்தான். அங்கிருந்து மனிதர்களிடம் ஆய்வு நடந்து, அதிலும் தேறினால்தான் அது மருந்து.

ஒரு முட்செடியின் வெற்றியும் தோல்வியும்

மருத்துவமனை வரை போய்ச் சேர்ந்த ஒரு செடி உண்டு. ஐரோப்பாவில் விளையும் மில்க் திசில் என்ற முட்செடி. ஊதாப்பூ பூக்கும், இலையில் பால் சிந்தியதுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடும். அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் சிலிமரின். நம் ஊர் மருந்துக் கடைகளிலும் மாத்திரையாகக் கிடைக்கிறது.

ஐரோப்பியக் காடுகளில் 'டெத் கேப்' என்ற கொடிய விஷக்காளான் முளைக்கும். சாப்பிடும் காளான் என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிடுபவர்களுக்குச் சில நாள்களில் கல்லீரல் செயலிழந்துவிடும். அந்த விஷம் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலைச் சிலிமரினில் இருக்கும் சிலிபினின் அடைத்துக்கொள்கிறது. அதனால், ஐரோப்பிய மருத்துவமனைகளில் இதை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். எந்த விஷம், எந்த வாசல், எவ்வளவு அளவு என்று தெரிந்து கொடுப்பதால் அங்கே அதற்கு இடம் இருக்கிறது.

அதே செடியின் சாறு ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. வழக்கமான அளவைப்போல் 3 மடங்கும், 5 மடங்கும் 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி, வெற்றுமாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஆக, 'கல்லீரலுக்கு நல்லது' என்ற பொத்தாம்பொதுவான பேச்சுக்கு மருத்துவத்தில் அர்த்தம் இல்லை. கல்லீரலின் எந்தப் பாதிப்புக்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

'லிவர் டானிக்' விஷயமும் இப்படித்தான். 'குடிச்சாலும் டானிக் சாப்பிட்டுக்கிட்டா கல்லீரல் கெடாது' என்று நம்பும் ஆண்கள் ஏராளம். பல மூலிகைகள் கலந்த பிரபலமான ஒரு கல்லீரல் மருந்தை, மதுவால் கல்லீரல் பாதித்தவர்களுக்குக் கொடுத்து இலங்கையில் ஓர் ஆய்வு நடந்தது. 2003-இல் வெளியான அதன் முடிவில் குறிப்பிடும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. குடியை நிறுத்துவதற்கு ஈடான டானிக் இதுவரை வரவில்லை.

காக்க வந்ததே கெடுக்குமா?

'மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் வராது' என்பது அடுத்த நம்பிக்கை. உடம்புக்குள் போகும் எந்தப் பொருளையும் பிரித்து, மாற்றி, வெளியேற்றுவது கல்லீரல்தான். செடியின் சாறும் அதற்கு ஒரு வேலைதான்.

கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கொடிக் கஷாயம் பல வீடுகளில் கொதித்தது. அப்படிக் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு, நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் கல்லீரலையே தாக்கும் தன்மை உள்ளவர்களுக்கு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இந்தக் கொடி அந்த நோயைக் கிளப்பிவிடலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்திலைப் போலவே இருக்கும் வேறொரு கொடியை அவர்கள் குடித்திருக்கலாம் என்றது. எது சரியாக இருந்தாலும், கொடி தெரியாமல் குடிப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதை இருவருமே மறுக்க முடியாது.

மஞ்சளும் அப்படித்தான். சாம்பாரிலும் ரசத்திலும் போடும் மஞ்சள்தூளைப் பற்றிக் கவலையே வேண்டாம். மஞ்சளிலிருந்து குர்குமினை மட்டும் பிரித்தெடுத்து, செறிவாக்கி, கேப்சூலாக விற்பதுதான் வேறு கதை. குர்குமின் சாதாரணமாக ரத்தத்தில் சேர்வதே கடினம். அதோடு மிளகின் பைப்பெரினைச் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாக பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இன்று பல கேப்சூல்களில் அந்தக் கூட்டணி இருக்கிறது. கூடவே, மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் அழற்சி வந்தவர்களின் விவரங்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. இப்படிப் பாதிக்கப்படுபவர்கள் சிலர்தான். ஆனால், அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரியாது.

கிரீன் டீயும் அதே ரகம். டம்ளரில் குடிப்பது வேறு. உடல் எடை குறைய மாத்திரையாகச் சாப்பிடும் அதன் சாறு வேறு. அதில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளை மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் என்சைம்கள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

ஃபில்டர் காபிக்கு அடித்த யோகம்!

மனிதர்களிடம் மிகப் பெரிய அளவில் கவனித்து, கல்லீரலுக்கு இதமானது என்று பேர் வாங்கிய ஒரு தாவரச் சாறு நம் அடுக்களையிலேயே இருக்கிறது. அது காபி டிகாக்‌ஷன்!

இங்கிலாந்தில் சுமார் 4.95 லட்சம் பேரைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளியானது. காபி குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், குடிப்பவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய் வரும் வாய்ப்பு 21 சதவிகிதம் குறைவாகவும், அந்த நோயால் இறக்கும் வாய்ப்பு 49 சதவிகிதம் குறைவாகவும் இருந்தது. இது பழக்கத்தைக் கவனித்துச் சொன்ன கணக்கு. மருந்தாகக் கொடுத்துச் சோதித்தது அல்ல. அதனால், காபியே காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் காபியைக் கூட்டக் கூடாது. ஒரு டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியதுபோல் ஆகிவிடும்.

ஏனென்றால், இன்று வீட்டுக்கு வீடு நுழைந்திருக்கும் கல்லீரல் பிரச்னை, 'ஃபேட்டி லிவர்' எனும் கொழுப்புக் கல்லீரல். இதற்கு மூலிகை தேடி அலைபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உடல் எடையில் 7 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் நன்றாகக் குறைகின்றன. 80 கிலோ இருப்பவருக்கு அது 6 முதல் 8 கிலோதான்.

வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால்...

* முதல் வேலை ரத்தப் பரிசோதனை. பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி. - ஐ.என்.ஆர்., ஹெபடைடிஸ் வைரஸ் பரிசோதனைகள், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன். காரணம் தெரிந்த பிறகுதான் சிகிச்சை. அது அலோபதியாக இருந்தாலும் சித்தாவாக இருந்தாலும்.

* குழப்பமான பேச்சு, பகலெல்லாம் தூக்கம், விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, கறுத்த மலம், வயிறு வீக்கம், காய்ச்சலோடு கடுமையான வயிற்றுவலி... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

* கர்ப்பிணிகள், முதியவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

* மூலிகை எடுத்துக்கொள்ள விரும்பினால், பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் செடியையும் அளவையும் கேட்டு எடுக்கலாம். மஞ்சளுக்கு மருந்து கொடுப்பதாகச் சொல்லும் யாரோ ஒருவரிடம் பெயர் தெரியாத பொடி வாங்க வேண்டாம்.

* என்ன கஷாயம், என்ன கேப்சூல், எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். 'திட்டுவாரோ' என்று மறைப்பதால், காரணத்தைத் தேடுவதிலேயே நாள்கள் போய்விடும்.

* கடும் பத்தியம் என்று பட்டினி போடக் கூடாது. கல்லீரல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. அதற்குச் சத்து வேண்டும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், எளிதில் செரிக்கும் சாப்பாடு, ஓய்வு போதும். மது கூடவே கூடாது.

அதே விஞ்ஞானியின் இன்னொரு பரிசு

கீழாநெல்லியைச் சோதிக்கக் கைகோத்த பரூக் புளூம்பெர்க், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இன்னொரு வேலையும் செய்திருந்தார். 1969-இல் இர்விங் மில்மன் என்பவரோடு சேர்ந்து ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசிக்கு வழி கண்டார். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றி, சத்தமில்லாமல் பல வருடங்கள் தங்கி, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும் இந்த வைரஸைக் குணப்படுத்துவதைவிடத் தடுப்பது சுலபம்.

இன்று அரசு மருத்துவமனைகளில், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. தொடர்ந்து 6, 10, 14-வது வாரங்களில் மற்ற தடுப்பூசிகளோடு சேர்த்துப் போடுகிறார்கள். சிறு வயதில் போட்டுக்கொள்ளாத பெரியவர்களும், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லை என்றால் போட்டுக்கொள்ளலாம். புளூம்பெர்க் பிறந்த ஜூலை 28-ஆம் தேதியைத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் ஹெபடைடிஸ் பி என்ற வரிக்கு நேரே தேதிகள் இருந்தால், அந்தக் குழந்தையின் கல்லீரலுக்கு ஒரு பெரிய காவல் ஏற்கெனவே போட்டாகிவிட்டது.